பப்ளிக் பாலிசி படிக்கிறவங்களுக்கு: ஒரு பக்க மெமோ எழுதக் கத்துக்கிறது எப்படி (முழு வழிகாட்டி)

நான் பப்ளிக் பாலிசி (அரசுத் திட்டம், கொள்கை பத்தின படிப்பு) ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஒரு அரசுத் துறையில இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். மூணு வாரம் உக்காந்து 11 பக்கத்துக்கு ஒரு நோட் ரெடி பண்ணேன், அதுல முன்னுரை, திட்டத்தோட வரலாறு, மத்த நாட்டுல என்ன பண்றாங்க, என்னென்ன தியரி இருக்கு எல்லாமே இருந்துச்சு. மேடம் வாங்கி முதல் பக்கத்தைப் பாத்தாங்க, அப்படியே கடைசிப் பக்கத்துக்குப் போனாங்க, பேனா மூடியைக் கழட்டி வச்சுக்கிட்டு "தம்பி, இப்ப நான் எதுக்கு ஓகே சொல்லணும்?"னு கேட்டாங்க. 11 பக்கத்துல நான் அதை ஒரு இடத்துலகூட எழுதியிருக்கல.

அதுக்கப்புறம் இத்தனை வருஷமா இந்த வேலைதான், இப்ப ஜூனியர் பசங்களோட மெமோ, அதாவது அதிகாரி ஒரு முடிவு எடுக்குறதுக்காக எழுதிக் கொடுக்குற சின்னக் குறிப்பு, நிறைய படிக்கிறேன், முக்கால்வாசிப் பேருக்கு அதே பிரச்சனைதான் இருக்கு. காலேஜ்ல எழுதுற எஸ்ஸே நாம படிச்சிருக்கோம்னு வாத்தியாருக்குக் காட்டுறதுக்கு, பாலிசி எழுத்து இன்னொருத்தர் ஒரு முடிவு எடுக்கிறதுக்கு. மூணு வருஷம் முதல் வகை எழுத்துக்கே மார்க் வாங்கிப் பழகிட்டதால ரெண்டாவது வகைக்குக் கை வர மாட்டேங்குது. நல்லா படிக்கிற பசங்க எழுதின நல்ல யோசனை எல்லாம் யாரும் முழுசா படிக்காமலே போறதைப் பாக்கும்போது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

சும்மா பொதுவா சொன்னா மண்டையில ஏறாது, அதனால ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம். தமிழ்நாட்டோட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 மதுரையில ஆரம்பிச்சாங்க, முதல் கட்டத்துல 1,545 அரசு தொடக்கப் பள்ளி, 1,14,095 குழந்தைங்க, 33.56 கோடி ரூபா. 2023 ஆகஸ்ட் 25 திருக்குவளையில வச்சு 31,008 அரசுப் பள்ளிக்கு விரிவாக்கினாங்க. 1 முதல் 5 வகுப்புக்குன்னு வந்த திட்டம் இது. நம்ம பயிற்சிக் கேள்வி: இதை 6, 7, 8 வகுப்புக்கும் கொடுக்கலாமா? மதியச் சத்துணவு 10ஆம் வகுப்பு வரைக்கும் உண்டு, அதனால நடுநிலைப் பள்ளியில ஒரே காம்பவுண்டுக்குள்ள அஞ்சாவது படிக்கிற தங்கச்சி காலையில பொங்கல் சாப்பிடும், ஆறாவது படிக்கிற அண்ணன் மதியம் பெல் அடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான். இதைப் பத்தி ஒரு பக்கம் எழுதணும்.

படி 1: யாருக்கு எழுதுறோம், அவங்க என்ன முடிவு எடுக்கணும்

லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இந்த வரியை எழுதுங்க: "இதைப் படிக்கிறவர் ____. படிச்சு முடிச்சதும் அவர் ____க்கு ஆமான்னோ வேண்டாம்னோ சொல்லணும்." கோடிட்ட இடத்தை நிரப்ப முடியலன்னா இன்னும் எழுத ஆரம்பிக்கக் கூடாது, அவ்ளோதான்.

"அரசு"ன்னு நிரப்பாதீங்க. அரசுங்கிறது ஒரு ஆள் கிடையாது. நம்ம கேஸ்லயே பாருங்க, சமூக நலத்துறைச் செயலாளருக்கு எழுதினா திட்டம் நடக்குமா, யார் சமைப்பாங்கன்னு பாப்பாங்க. அதே ஃபைல் நிதித்துறைக்குப் போனா இதுல தொடரும் செலவு (வருஷா வருஷம் வர்றது) எவ்வளவு, தொடராச் செலவு (ஒரு தடவை மட்டும் வர்றது) எவ்வளவு, அடுத்த வருஷமும் இது தலையில விழுமான்னுதான் பாப்பாங்க. பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதினா நம்ம ஊர்ப் பள்ளிக்கு எப்ப வரும், தண்ணி யார் கொடுக்குறதுங்கிறதுதான் கேள்வி. விஷயம் ஒண்ணுதான், ஆனா மூணுமே வேற வேற மெமோ.

படி 2: பிரச்சனையை ஒரு வரியில சொல்றது

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "நடுநிலைப் பள்ளிகளில் 6-8 வகுப்புக்குக் காலை உணவுத் திட்டம் இல்லாதது பிரச்சனை"ன்னு எழுதிடுறாங்க. பாக்க சரியாத்தான் தெரியும், ஆனா அதுல தீர்வு ஏற்கெனவே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. திட்டம் இல்லாததுதான் பிரச்சனைன்னா திட்டம் கொடுக்குறதுதான் பதில், அப்புறம் யோசிக்க என்ன இருக்கு.

உண்மையான பிரச்சனை என்ன? பிள்ளைங்க காலையில சாப்பிடாம வர்றாங்க. எத்தனை பேர், எந்தப் பகுதியில, ஏன்? அம்மா அப்பா ரெண்டு பேரும் விடியக்காலையிலயே கூலி வேலைக்குப் போயிடுறாங்களா, வீட்ல சாப்பாடு இருந்தும் பஸ்ஸைப் புடிக்க ஓடி வர்றாங்களா, இல்ல வீட்ல நிஜமாவே இல்லையா? மூணுக்கும் தீர்வு வேற. பஸ்தான் காரணம்னா பஸ் டைமை மாத்தினாலே பாதி சரியாகலாம். பிரச்சனையை எழுதும்போது தீர்வோட பேர் அதுல வரக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு வச்சுக்கோங்க, இந்த ஒண்ணு போதும் பாதி மெமோ சரியாயிடும்.

படி 3: எங்க போய்த் தேடுறது

இதைச் சுருக்கமா சொல்லிடுறேன். முதல்ல அரசாணை, திட்டம் யாருக்கு, எவ்வளவு பணம், யார் பொறுப்புன்னு அதுலதான் இருக்கும். அடுத்து ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்துல மானியக் கோரிக்கை (துறைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேக்குறது) வரும்போது வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு, பாலிசி நோட்டுன்னு சொல்லுவோம்ல அதுதான், பசங்க இதைத் தொடுறதே இல்ல, ஆனா துறையைப் பத்தி அந்த வருஷக் கணக்கு மொத்தமும் அதுல கிடக்கு. அப்புறம் பட்ஜெட் டாக்குமென்ட், அரசுச் செலவைத் தணிக்கை பண்ற சிஏஜியோட ரிப்போர்ட், பள்ளிக் கணக்குக்கு யுடைஸ் பிளஸ்ங்கிற மத்திய அரசோட பள்ளித் தகவல் தொகுப்பு. செய்தித்தாள் வழி காட்டுறதுக்கு மட்டும், அதுல வந்த நம்பரை ஒரிஜினல்ல பாக்காம மெமோவுல ஏத்தாதீங்க. ஏஐகிட்ட கேட்டு வாங்கின நம்பருக்கும் இதே ரூல்தான், அது ரொம்ப நம்பிக்கையா தப்பு சொல்லும்.

ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துலயே எங்க எடுத்தோம், எத்தனாவது பக்கம், எந்தத் தேதி நிலவரம்னு எழுதி வச்சுடுங்க. ராத்திரி 2 மணிக்கு "இந்த நம்பர் எங்கருந்து வந்துச்சு"ன்னு தேடுற கொடுமை இருக்கே, அது வேண்டாம்.

படி 4: நம்பரை எழுதுறது

இந்தப் பகுதியில கொஞ்சம் நிதானமா நிக்கலாம், ஏன்னா எழுத்து நல்லா இருந்தும் நம்பர்ல சறுக்குனா மொத்த மெமோ மேலயும் நம்பிக்கை போயிடும்.

முதல்ல எந்த வயசுன்னு பாருங்க. ரத்தசோகைன்னு எழுத ஆரம்பிச்சதும் எல்லாரும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துடுவாங்க, "இந்தியாவுல 67.1 சதவீதக் குழந்தைங்களுக்கு ரத்தசோகை"ன்னு. 2019-21 கணக்கெடுப்புல அந்த நம்பர் இருக்குறது உண்மைதான். ஆனா அது 6 மாசத்துல இருந்து 59 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு! நாம பேசுறது பதினொரு வயசுப் பையனைப் பத்தி. இதை வச்சு 6ஆம் வகுப்புக்குக் காலை உணவு கேட்டா, விஷயம் தெரிஞ்ச ஒரு அதிகாரி ஒரே கேள்வியில மெமோவை மூடி வச்சிடுவாரு. 2016-18ல நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு 19 வயசு வரைக்கும் எடுத்தது, அதுல 10-19 வயசுக்குத் தனியா கணக்கு இருக்கு, அங்க போகணும்.

ரெண்டாவது, சதவீதமும் சதவீதப் புள்ளியும். அதே ரத்தசோகை நம்பர் முந்தின கணக்கெடுப்புல 58.6, அடுத்ததுல 67.1. இது 8.5 சதவீதப் புள்ளி கூடியிருக்கு. "8.5 சதவீதம் கூடியது"ன்னு எழுதினா தப்பு, ஏன்னா 58.6ல இருந்து 67.1க்குப் போறது கிட்டத்தட்ட 14.5 சதவீத உயர்வு. சின்ன வித்தியாசமா தெரியும், நிதித்துறை ஆளுங்களுக்குச் சின்னது இல்ல.

மூணாவது, பெரிய நம்பரை ஒரு ஆளுக்கு, ஒரு பள்ளிக்குன்னு உடைச்சுப் பாருங்க. 33.56 கோடியை 1,14,095 ஆல வகுத்தா ஒரு குழந்தைக்கு சுமார் 2,941 ரூபா வருது. உடனே 6-8 வகுப்புப் பிள்ளைங்க எண்ணிக்கையை இதால பெருக்கி மொத்தச் செலவு இவ்வளவுன்னு போட்டுடாதீங்க, நான் படிச்ச ஏழெட்டு மெமோவுல இதைத்தான் பண்ணியிருந்தாங்க. அந்தத் தொகையில அடுப்பு பாத்திரம் மாதிரி ஒரு தடவைச் செலவு எவ்வளவு, அரிசி ரவை காய்கறி கேஸ் கூலி எவ்வளவுன்னு அரசாணையைப் பாத்துப் பிரிக்கணும். அதோட பதினோரு வயசுப் பிள்ளை அஞ்சு வயசுப் பிள்ளை சாப்பிடுற அளவா சாப்பிடும்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. முதல் கட்டத்துல ஒரு பள்ளிக்குச் சராசரி 74 பிள்ளைங்க. 31,008 பள்ளிக்குப் போனப்ப 15 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க, சராசரி 50ஐ ஒட்டி இறங்கிடுது. திட்டம் விரிய விரிய சின்னச் சின்னப் பள்ளிங்க உள்ள வருதுன்னு அர்த்தம், முப்பது பிள்ளைக்குச் சமைக்கவும் ஒரு அடுப்பு, ஒரு ஆள் வேணுமே. ரெண்டு நம்பரை வகுத்ததுல இவ்ளோ விஷயம் வெளிய வருது. இந்த மாதிரி ஒரு வரி மெமோவுல இருந்தா படிக்கிறவர் நிமிர்ந்து உக்காருவாரு.

படி 5: ஆப்ஷன் மூணு, அதுல ஒண்ணு சும்மா இருக்குறது

ஒரே தீர்வை வச்சுக்கிட்டு வக்காலத்து வாங்காதீங்க. நம்ம கேஸ்ல: ஒண்ணு இப்ப இருக்குறபடியே விடுறது, ரெண்டு ஏற்கெனவே சமையல் நடக்குற நடுநிலைப் பள்ளிங்கள்ல மட்டும் 6-8க்குக் கொடுக்குறது, மூணு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி உட்பட எல்லா அரசுப் பள்ளியிலயும் கொடுக்குறது. ஒவ்வொண்ணுக்கும் செலவு, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கலாம், யாரு விடுபடுவாங்கன்னு பாத்துட்டு, எதை ஏன் தேர்ந்தெடுத்தீங்கன்னு சொல்லுங்க. ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தா, அஞ்சாவது முடிச்சு உயர்நிலைப் பள்ளிக்குப் போற பிள்ளை விடுபடுதுன்னு நீங்களே எழுதிடணும். அதை மறைச்சா வேற யாராவது கண்டுபிடிப்பாங்க, அப்ப நீங்க அந்த ரூம்ல இருக்க மாட்டீங்க பதில் சொல்றதுக்கு.

படி 6: ஒரு பக்கத்துல அடுக்குறது

முதல் ரெண்டு வரியிலயே பரிந்துரை. அடுத்து பிரச்சனை, ஒரு பத்தி. அடுத்து ஆப்ஷன், சின்ன அட்டவணையா இருந்தாலும் சரி. அப்புறம் ஏன் இதைச் சொல்றீங்க, என்ன ரிஸ்க், யார் எந்தத் தேதிக்குள்ள என்ன பண்ணணும். வரலாறு, நீளமான கணக்கு, மத்த மாநில அனுபவம் எல்லாம் பின்னிணைப்புக்குப் போயிடணும்.

இது இப்ப வந்த ஃபேஷன் இல்ல. 1940 ஆகஸ்ட்ல, பிரிட்டன் மேல போர் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல, பிரதமர் சர்ச்சில் தன்னோட அதிகாரிங்களுக்கு இதைப் பத்தியே ஒரு குறிப்பு அனுப்பினாரு, ரிப்போர்ட் எல்லாம் ரொம்ப நீளமா இருக்கு, முக்கிய விஷயத்தைச் சின்னச் சின்னப் பத்தியா சொல்லுங்க, விவரமான ஆய்வு புள்ளிவிவரம் எல்லாத்தையும் பின்னிணைப்புல வையுங்கன்னு. ஒரே ஒரு பக்கத்துல முடிச்ச குறிப்பு அது.

படி 7: வாக்கியம்

ஒரு ஜூனியர் தம்பி எழுதின வரி மாதிரியே ஒண்ணு எழுதிக் காட்டுறேன்:

"மாணவர்களின் ஊட்டச்சத்து நிலையினை மேம்படுத்தும் பொருட்டு காலை உணவுத் திட்டத்தினை உயர் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்துவது குறித்து உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும்."

கேக்குறதுக்கு அரசாங்க எழுத்து மாதிரி கம்பீரமா இருக்கும். இப்ப கேள்வி கேளுங்க. யார் மேற்கொள்ளணும்? எந்த வகுப்பு? எப்பருந்து? உரிய நடவடிக்கைன்னா எது? ஒண்ணுக்கும் பதில் இல்ல. "மேற்கொள்ளப்பட வேண்டும்", "கருத்தில் கொள்ளத்தக்கது", "உறுதி செய்யப்படுதல் அவசியம்", இந்த மாதிரி வினை வர்ற இடத்துல எல்லாம் செய்யுற ஆள் காணாமப் போயிடுறாரு. அந்த ஆளைத் தேடிப் புடிச்சு வாக்கியத்தோட முதல்ல உக்கார வைக்கணும். நான் இப்படி மாத்துவேன்:

"நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் மாணவர்களுக்கும் வரும் ஜூன் முதல் சமூக நலத்துறை காலை உணவு வழங்கலாம். இந்தப் பள்ளிகளில் 1 முதல் 5 வகுப்புக்கு ஏற்கெனவே சமையல் நடக்கிறது. எனவே புதிய ஏற்பாடு தேவைப்படாது, தொடரும் செலவு மட்டுமே கூடும்."

இதை எழுதி முடிச்சதும் எனக்கே திருப்தியா இருந்துச்சு. அப்புறம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் காலையில சமையல் நடக்குற நேரத்துக்குப் போனேன். மகளிர் சுய உதவிக் குழு அக்கா ஒருத்தங்க கிச்சடி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. ஆறாவது ஏழாவது பிள்ளைங்களுக்கும் சேத்துச் செய்ய முடியுமான்னு கேட்டேன். கரண்டியை அண்டா விளிம்புல ஒரு தட்டுத் தட்டிட்டு சொன்னாங்க, "இதுல அறுபது புள்ளைக்குத்தான் வரும் தம்பி. மேல வேணும்னா ரெண்டாந்தரம் ஏத்தணும், அத எறக்குறதுக்குள்ள பெல்லு அடிச்சிடும்." என்னோட மூணாவது வாக்கியம் அங்கேயே போச்சு. திரும்பி வந்து "எனவே"ல இருந்து அடிச்சுட்டு இப்படி எழுதினேன்: "சமையலறை இருக்கிறது, ஆனால் பாத்திரமும் அடுப்பும் போதாது. சேரும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து இரண்டாவது அண்டாவும் அடுப்பும் வாங்க வேண்டியிருக்கும், இது தொடராச் செலவு."

அதனால ஃபீல்டுக்குப் போறதை ஆராய்ச்சியோட ஒரு பகுதின்னு மட்டும் நினைக்காதீங்க, அது எடிட்டிங்கோட ஒரு பகுதியும்கூட. டிராஃப்ட்டைக் கையில வச்சுக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு, "ஸ்டேக்ஹோல்டர்ஸ்" (சம்பந்தப்பட்டவங்க) அப்படிங்கிற வார்த்தையை ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க. தலைமை ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமைக்கிற அக்கா, பிள்ளையோட அம்மான்னு பேர் சொல்லி எழுதுங்க. பேர் சொல்லி எழுதும்போதே இவங்கள்ல ரெண்டு பேருக்கு ஆசை ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சுடும்.

இங்கிலீஷ்ல மெமோ எழுத வேண்டியவங்களுக்கும் இதேதான். தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க நிறைய பேர் இங்கிலீஷ்னு வந்ததும் பயந்து போய்ப் பெரிய பெரிய வார்த்தையாத் தேடிப் போடுறாங்க. வேண்டாம். முதல்ல விஷயத்தை வீட்ல அம்மாகிட்டயோ ரூம்மேட்கிட்டயோ தமிழ்ல மூணு நிமிஷம் சொல்லுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. அவங்க "அப்படின்னா?"ன்னு கேட்ட இடம்தான் நீங்க இன்னும் தெளிவா யோசிக்காத இடம். அப்புறம் அந்த வரிசையிலயே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதுங்க. சில நாடுகள்ல இதைச் சட்டமாவே வச்சிருக்காங்க, அமெரிக்காவுல 2010ல எளிய எழுத்துச் சட்டம்னே ஒண்ணு போட்டு மத்திய அரசு அலுவலகங்க மக்களுக்குப் புரியுற மாதிரித்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்க, அதனால சிம்பிளா எழுதினா படிக்காதவன்னு நினைப்பாங்களோன்னு கவலையே படாதீங்க.

படி 8: திருத்துறது

ஒரு ராத்திரியாவது ஆறப் போடுங்க. மறுநாள் பிரின்ட் எடுத்து வாய்விட்டுப் படிங்க, மூச்சு முட்டுற இடத்துல வாக்கியத்தை உடைங்க. அப்புறம் ஒவ்வொரு பத்தியோட முதல் வரியை மட்டும் தனியா எழுதிப் பாருங்க, அதை மட்டும் படிச்சாலே வாதம் புரியணும். "பெரும்பாலான", "கணிசமான", "பரவலாக" எல்லாத்தையும் வட்டம் போடுங்க, பக்கத்துல நம்பர் இருக்கா? இல்லன்னா நம்பர் போடுங்க, இல்ல வார்த்தையை எடுங்க.

கடைசியா பாலிசி படிக்காத ஒரு ஃப்ரெண்ட்கிட்ட ஒரு நிமிஷம் மட்டும் பேப்பரைக் கொடுத்துட்டு வாங்கிடுங்க. "நான் என்ன பண்ணச் சொல்றேன்?"னு கேளுங்க. சரியா சொல்லிட்டாங்கன்னா அனுப்பலாம்.

படி 9: பழக்கம்

வாரம் ஒரு அரசாணையை எடுத்து 150 வார்த்தையில உங்க ஊர் டீக்கடையில பேப்பர் படிக்கிற ஒருத்தருக்குப் புரியுற மாதிரி எழுதுங்க. அடுத்த வாரம் ஒரு பட்ஜெட் அறிவிப்பு. அதுக்கடுத்து நீங்க ஒத்துக்காத ஒரு திட்டத்துக்கு ஆதரவா ஒரு பக்கம், இது கஷ்டம், ஆனா கண்டிப்பா பண்ணுங்க.

எனக்கு ரொம்பப் பலன் கொடுத்த பயிற்சி தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுறதுதான். 2005ல வந்த சட்டம், 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும், கட்டணம் 10 ரூபா. நாம எழுதுன வாக்கியம் தெளிவா இருந்துச்சா இல்லையான்னு இதுல பதில்லயே தெரிஞ்சுடும். "காலை உணவுத் திட்டம் ஏன் 6ஆம் வகுப்புக்கு இல்லை?"ன்னு நான் முதல்ல எழுதி அனுப்பினேன், ஏன்னு காரணம் கேக்குறது தகவல் ஆகாதுன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. அப்புறம் உக்காந்து, எந்த மாவட்டம், எந்த ரெண்டு மாசம், எந்தப் பதிவேடு, எத்தனை நடுநிலைப் பள்ளிங்கிறதையெல்லாம் யோசிச்சு மாத்தி எழுதினேன்: "கீழ்க்கண்ட ஒன்றியத்தில் உள்ள நடுநிலைப் பள்ளிகளில், ஜூலை மற்றும் ஆகஸ்ட் மாதங்களில் காலை உணவு உண்ட மாணவர் எண்ணிக்கையைப் பள்ளி வாரியாக, நாள் வாரியாகக் காட்டும் பதிவேட்டின் நகல் தேவை." இந்தத் தடவை தபால்ல ஒரு தடி கவர் வந்துச்சு, உள்ள கையால எழுதின பதிவேட்டோட ஜெராக்ஸ், சில நாள் 58, சில நாள் 41, திங்கட்கிழமையில மட்டும் எப்பவும் கூட. ஏன் திங்கட்கிழமை கூடுதுங்கிறதுதான் அடுத்து நான் எழுதின மெமோவோட முதல் வரி.